போர்ட் டவுன்சென்டுக்கு ஒரு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

சியாட்டில் பக்கம் வேலை கிடைத்துப் புதிதாக வருகிறவர்கள் முதல் வருடம் சுற்றும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ரெய்னியர் மலை, ஸ்னோக்வால்மி அருவி, லெவன்வொர்த், ஏப்ரலில் ஸ்காஜிட் பக்கத்து டியூலிப் வயல்கள். இதெல்லாம் முடித்துவிட்டு "அடுத்த சனிக்கிழமை எங்கே போகலாம்?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது போர்ட் டவுன்சென்ட். ஒலிம்பிக் தீபகற்பத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் சின்ன ஊர், மக்கள்தொகை சுமார் 10,000. விக்டோரியா காலத்து மரவீடுகளும் செங்கல் கடைத்தெருவும் அப்படியே நிற்பதால் 1977ல் ஊரின் பழைய பகுதியைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். காலையில் போய் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம், ஆனால் படகு, பாலம், படிக்கட்டு என்று வழியில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன, அவற்றைத் தெரிந்துகொண்டு போனால் நாள் நிம்மதியாகப் போகும்.

முதலில் ஊரின் கதை

கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிடம் இந்தக் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கதை தெரியாமல் போனால் எல்லா வீடும் ஒரே மாதிரி அழகாகத்தான் தெரியும், இரண்டாவது தெரு தாண்டுவதற்குள் குழந்தைகள் "போலாம்ப்பா" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

இது ஸ்க்லாலம் பழங்குடியினரின் ஊர் இருந்த இடம். 1792ல் கப்பல் தலைவர் ஜார்ஜ் வான்கூவர் இந்த விரிகுடாவுக்குத் தன் நண்பரான ஒரு பிரபுவின் பெயரை வைத்துவிட்டுப் போனார். வெள்ளையர் குடியேறி நகரம் என்று ஒன்று உண்டானது 1851ல். மூன்றே வருடத்தில், 1854ல், சுங்கத் தலைமையகம் ஒலிம்பியாவிலிருந்து இங்கே மாறியது. அதுதான் ஊருக்கு அடித்த யோகம். பசிபிக் கடலிலிருந்து பியூஜெட் சவுண்ட் என்ற உள்கடலுக்குள் நுழைய வேண்டிய கப்பல்கள் இந்த முனையைத் தாண்டித்தான் போக வேண்டும், வெளிநாட்டுச் சரக்கென்றால் இங்கே நின்று சுங்கம் கட்டியாக வேண்டும். கப்பல் நின்றால் மாலுமி இறங்குவான், மாலுமி இறங்கினால் சாராயக்கடை, விடுதி, வங்கி, வக்கீல், வெளிநாட்டுத் தூதரகம் எல்லாம் பின்னாலேயே வரும். வந்தன.

1880களின் கடைசியில் எல்லோருக்கும் ஒரே கனவு: ரயில் வரப்போகிறது, வந்தால் இந்தக் கரையின் பெரிய நகரம் நாம்தான். 1890ல் யூனியன் பசிபிக்கின் கீழ் இருந்த ஆரிகன் இம்ப்ரூவ்மென்ட் கம்பெனி தண்டவாளம் போட ஒப்புக்கொண்டது. நிலத்தின் விலை தாறுமாறாக ஏறியது, கையில் காசிருந்தவர்கள் எல்லாம் மூன்று மாடி, நான்கு மாடி என்று எழுப்பினார்கள். அதே வருடம் நவம்பரில் அந்தக் கம்பெனி திவாலாகி நீதிமன்றப் பொறுப்புக்குப் போனது. தண்டவாளம் தெற்கே குவில்சீன் வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. அதற்குமேல் 1893ல் நாடு முழுவதும் பொருளாதாரச் சரிவு. வங்கிகள் மூடின, ஜனங்கள் கிளம்பினார்கள். புதிதாகக் கட்டவும் காசில்லை, பழையதை இடிக்கவும் காசில்லை. 1920களின் கடைசியில் காகித ஆலை வந்த பிறகுதான் ஊர் மூச்சுவிட்டது. காற்றடிக்கும் திசையைப் பொறுத்து அந்த ஆலையின் வாசனை இன்றைக்கும் உங்கள் மூக்குக்கு வரும், ஏதோ அழுகிவிட்டது என்று காரைச் சோதிக்க வேண்டாம்.

ஆக, நீங்கள் பார்க்கப்போகிற அழகான தெருவெல்லாம் ஒரு பந்தயம் தோற்றதன் மிச்சம். சியாட்டிலும் டகோமாவும் ஜெயித்தன, ஜெயித்த ஊர்கள் தங்கள் பழைய வீடுகளில் பெரும்பகுதியை இடித்துவிட்டு மேலே மேலே கட்டின. தோற்ற ஊரில்தான் வீடு மிஞ்சியது.

எந்த நாள் போவது

மே முதல் செப்டம்பர் வரை ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமை ஏன் என்றால் மேட்டுப் பகுதியில், டைலர் ஸ்ட்ரீட்டில் அன்றைக்கு உழவர் சந்தை இருக்கும். மே முதல் செப்டம்பர் ஏன் என்றால் நான் கீழே சொல்லும் ராத்ஸ்சைல்ட் வீட்டை அந்த மாதங்களில்தான் திறந்து வைப்பார்கள், கிளம்பும் வாரம் நேரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் லேபர் டே முடிந்த வார இறுதியில் மரப்படகுத் திருவிழா நடக்கும், 1977 முதல் நடக்கிற பெரிய விழா அது. படகு பிடிக்கும் என்றால் அன்றைக்கே போங்கள், வீடு பார்க்கத்தான் என்றால் தயவுசெய்து அந்த வாரம் வேண்டாம், கார் நிறுத்த இடம் தேடியே நாள் போய்விடும்.

மழையைப் பற்றி ஒரு நல்ல செய்தி. ஒலிம்பிக் மலைகள் மேகத்தைத் தடுத்துவிடுவதால் இங்கே வருடத்துக்கு சுமார் 19 அங்குலம்தான் மழை, சியாட்டிலில் பெய்வதில் கிட்டத்தட்டப் பாதி. நம் பக்கம் தூறிக்கொண்டிருக்கும்போது அங்கே வெயில் அடிப்பது உண்டு. ஆனால் காற்று! ஜூலையிலும் ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் காதை மூட ஒரு மஃப்ளரும்.

படகு

ரெட்மண்ட், பாதெல், பெல்வியூ பக்கம் இருப்பவர்கள் எட்மண்ட்ஸிலிருந்து கிங்ஸ்டனுக்குப் படகு பிடிப்பது சுலபம், கடலில் அரை மணி நேரம். சியாட்டில் நகரத்துக்குள் இருப்பவர்கள் பெயின்பிரிட்ஜ் படகில் போகலாம், அது 35 நிமிடம். இரண்டுக்கும் முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கு முதல் இடம். கோடைச் சனிக்கிழமையில் காலை எட்டு மணிக்குள் வரிசையில் இருப்பது நல்லது, பத்து மணிக்குப் போனால் ஒரு படகு கண் முன்னால் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கட்டணம் வண்டியின் நீளத்தைப் பொறுத்தது. 18 வயது வரை பிள்ளைகளுக்குக் காசில்லை. கூட வரும் பெரியவர்களுக்கு இந்த இரண்டு வழிகளிலும் மேற்கே போகும்போது மட்டும்தான் கட்டணம், திரும்பும்போது வண்டிக்கும் ஓட்டுபவருக்கும் மட்டும். வரிசை சாலையோரம் நீண்டு கிடக்கும், எங்கே முடிகிறது என்று தெரியாமல் நடுவில் நுழைந்துவிடாதீர்கள். அபராதம் உண்டு, அதைவிடப் பின்னால் இருப்பவர்களின் முறைப்பு பெரிய அபராதம்.

படகுக்குள் ஏறியதும் எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கார் அலாரத்தையும் அணைத்துவிடுங்கள். படகின் அதிர்வில் அலாரம் அலற ஆரம்பித்தால் ஒலிபெருக்கியில் உங்கள் வண்டியின் நிறத்தையும் நம்பரையும் சொல்லிக் கூப்பிடுவார்கள், நீங்கள் காபிக் கோப்பையோடு படியிறங்கி ஓட வேண்டும். காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்காமல் மேலே போங்கள். மேல்தளத்து மேசைகளில் யாரோ பாதி சேர்த்துவிட்டுப் போன ஜிக்சா புதிர் ஒன்று பரப்பி இருக்கும், அடுத்து வருபவர் நாலு துண்டு சேர்ப்பார், அவருக்கு அடுத்தவர் நாலு. பிள்ளைகள் அதில் உட்கார்ந்துவிட்டால் அரை மணி நேரம் போவதே தெரியாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. முக்கில்டியோவிலிருந்து கிளின்டனுக்குப் படகு, அங்கிருந்து விட்பி தீவை நீளவாக்கில் கடந்து, கூப்வில் துறையிலிருந்து நேராகப் போர்ட் டவுன்சென்டுக்கு இன்னொரு படகு. கண்ணுக்கு விருந்தான வழி, ஊருக்குள் கடல் வழியாக நுழைவது போல வராது. ஆனால் கூப்வில் படகுக்கு முன்பதிவு இல்லாமல் கோடையில் போகாதீர்கள். இடங்களை மொத்தமாகத் திறக்காமல் பகுதி பகுதியாக விடுவார்கள், முதலில் கிடைக்காவிட்டால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பும் அப்புறம் இரண்டு நாள் முன்பும் மறுபடி பாருங்கள். அந்தத் துறை குறுகலானது, ஆழம் குறைவு, அதனால் நீரோட்டம் பலமாக இருக்கும் நேரங்களில் ஓரிரு படகுகளை ரத்து செய்துவிடுவார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு கிங்ஸ்டன் வழிதான் என் ஓட்டு.

படகே வேண்டாம் என்பவர்கள் டகோமா வழியாகச் சுற்றி ஓட்டலாம். நேரம் கூடும், டகோமா நேரோஸ் பாலத்தில் கிழக்கே திரும்பி வரும்போது சுங்கம் உண்டு.

பாலம்

மேலே சொன்ன வழிகளில் எதில் போனாலும், கூப்வில் படகைத் தவிர, ஹூட் கனால் பாலத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். தண்ணீரில் மிதக்கும் பாலம் இது. 1961ல் திறந்தது, 1979 பிப்ரவரியில் அடித்த புயலில் மேற்குப் பாதி மூழ்கிப்போய் மறுபடி கட்டித் திறக்க 1982 ஆகிவிட்டது. இதன் நடுப்பகுதி கப்பல் போவதற்காகத் திறக்கும், தெற்கே பாங்கரில் கடற்படைத் தளம் இருப்பதால் சில நேரம் போவது நீர்மூழ்கிக் கப்பலாகவும் இருக்கும். திறந்தால் அரை மணி நேரம்கூட ஆகும். பலத்த காற்றடித்தாலும் மூடுவார்கள். மாநிலச் சாலைத் துறையின் செயலியில் பாலத்தின் நிலை தெரியும், கிங்ஸ்டனில் இறங்கும்போதே பார்த்துவிடுங்கள். மூடியிருந்தால் அவசரப்படாமல் பாலத்துக்கு முன்னால் இருக்கும் போர்ட் கேம்பிளில் நிறுத்திக் கால் நீட்டலாம், மர ஆலைக்காரர்கள் கட்டிய சின்ன ஊர், அதுவும் பழசுதான்.

பாலம் தாண்டி 104ல் கொஞ்ச தூரம், அப்புறம் வலது பக்கம் 19. சிமாகம் வழியாக இருபுறமும் பண்ணைகள். கடைசியில் 20ஆம் எண் சாலை ஊருக்குள் கொண்டுபோய் விடும். கிங்ஸ்டனிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். ஊரெல்லைக்குள் வந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள், மான்கள் தெரு நடுவில் நிற்கும். புல்வெளியில் மேயும், யார் வீட்டு ரோஜாவையோ கடித்துக்கொண்டிருக்கும், ஹார்ன் அடித்தால் திரும்பிப் பார்க்குமே தவிர நகராது.

மேட்டுத் தெரு முதலில்

பெரும்பாலானோர் சாலை போகும் போக்கில் நேராகக் கடற்கரைக் கடைத்தெருவுக்குப் போய், அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே பொருள் வாங்கி, களைத்துப்போய், மேட்டில் இருக்கும் வீடுகளைக் காரில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். காரை நேராக மேட்டுக்கு, லாரன்ஸ் ஸ்ட்ரீட் பக்கம் விடுங்கள். அங்கே நிறுத்த இடமும் எளிதாகக் கிடைக்கும், கீழே நேரக் கட்டுப்பாட்டுப் பலகைகளைப் படித்துப் படித்து நிறுத்த வேண்டும்.

ஊர் ஏன் மேல், கீழ் என்று இரண்டாக இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. கீழே துறைமுகம், சாராயக்கடை, விபசார விடுதி, குடிக்கவைத்து மயங்கிய ஆட்களைக் கப்பலுக்குக் கடத்தி விற்கும் கூட்டம். காசு சேர்ந்த குடும்பங்கள் செங்குத்தான மேட்டின்மேல் வீடு கட்டிக்கொண்டன, வீட்டுப் பெண்கள் கீழே இறங்க வேண்டிய தேவையே இல்லாமல் லாரன்ஸ் ஸ்ட்ரீட்டில் தனியாக ஒரு கடைவீதியும் உண்டாக்கிக்கொண்டன. அந்தக் கடைவீதி இன்றும் இருக்கிறது. காபியை அங்கேயே குடித்துவிட்டு நடக்க ஆரம்பியுங்கள்.

முதலில் ராத்ஸ்சைல்ட் வீடு, டெய்லர் ஸ்ட்ரீட்டும் ஃபிராங்க்லின் ஸ்ட்ரீட்டும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில். 1868ல் கட்டியது. பவேரியாவிலிருந்து வந்த வியாபாரி டி. சி. எச். ராத்ஸ்சைல்டின் குடும்ப வீடு, 1959ல் குடும்பம் மாநிலப் பூங்காத் துறைக்குக் கொடுத்துவிட்டது. பார்த்ததும் "இதுவா?" என்று தோன்றும். கோபுரம் கிடையாது, வளைவு நெளிவு கிடையாது, சாதாரணப் பெட்டி மாதிரி இருக்கும். பரவாயில்லை, முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். உள்ளே சுவரில் ஒட்டிய காகிதம், மேசை, நாற்காலி, அடுப்படிச் சாமான் எல்லாம் அந்தக் குடும்பம் விட்டுப் போனதுதான். ரயில் கனவு வருவதற்கு முன் வசதியான குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதற்கு இது அளவுகோல்.

அந்த மேட்டு விளிம்பிலேயே சிவப்பு வண்ண மரக் கோபுரம் ஒன்று தெரியும். 1890ல் கட்டிய தீயணைப்பு மணிக்கூண்டு, 75 அடி உயரம். மரத்தாலேயே ஊரைக் கட்டினால் நெருப்புதான் முதல் பயம், எந்தப் பகுதியில் தீ என்பதை மணி எத்தனை முறை அடிக்கிறது என்பதை வைத்துத் தெரிந்துகொள்வார்கள். பக்கத்தில் இருக்கும் செயின்ட் பால் எபிஸ்கோபல் தேவாலயம் 1865ஐச் சேர்ந்தது. அதன் மணியைக் கொடுத்தவர் ஒரு கப்பல் தலைவர், மூடுபனி நாளில் கப்பல்களுக்கு வழி தெரிய இதை அடிக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை.

அங்கிருந்து கிளே ஸ்ட்ரீட்டும் ஆடம்ஸ் ஸ்ட்ரீட்டும் சேரும் மூலைக்கு நடங்கள். ஸ்டாரட் வீடு. 1889ல் கட்டட ஒப்பந்தக்காரர் ஜார்ஜ் ஸ்டாரட் தன் மனைவி ஆனுக்காகக் கட்டியது. இங்கே அவசரப்படாதீர்கள், எதிர்ப் பக்க நடைபாதையில் நின்று பத்து நிமிடமாவது பாருங்கள். முதலில் வீட்டின் உருவம்: இடதும் வலதும் ஒன்றாக இல்லை, எண்கோணக் கோபுரம் ஒன்று வீட்டையே தூக்கிக்கொண்டு போவது போல மேலேறுகிறது. குவீன் ஆன் பாணி என்று சொல்வது இதைத்தான். அப்புறம் சுவரைப் பாருங்கள். ஓரிடத்தில் நீளப் பலகை, ஓரிடத்தில் மீன் செதில் போல நுனியை வளைத்து வெட்டிய மரச்சில்லுகள் அடுக்கடுக்காக. கூரை விளிம்பு, சாளரத்தின் மேல்வளைவு, தாழ்வாரத் தூண் எதையும் சும்மா விட்டுவைக்கவில்லை. சுற்றிலும் டக்ளஸ் ஃபிர் காடு, நீராவியில் ஓடும் அறுவை இயந்திரம், கடைசல் இயந்திரம். முன்பு தச்சர் நாள்கணக்கில் கையால் செதுக்கிய அலங்காரத்தை ஆலை வரிசையாக வெட்டித் தள்ளியது, அதனால்தான் இவ்வளவு வேலைப்பாடு கட்டுப்படியானது.

கோபுரத்துக்கு உள்ளே பிடிமானத் தூண் இல்லாமல் சுழன்றேறும் படிக்கட்டு இருக்கிறது, அதன் உச்சியில் நான்கு பருவங்களைப் பெண்களாக வரைந்த ஓவியங்கள். கூரையில் பதித்த சிவப்புக் கண்ணாடி வழியாக ஒவ்வொரு பருவத்தின் முதல் நாளும் வெயில் உரிய ஓவியத்தைத் தொடும்படி அமைத்திருக்கிறார்கள். இது அருங்காட்சியகம் அல்ல என்பதால் வெளியே நின்று பார்ப்பதோடு நமக்கு முடிகிறது. மற்ற வீடுகளும் அப்படித்தான், பெரும்பாலானவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். நடைபாதையிலிருந்து படம் எடுங்கள், தாழ்வாரப் படியில் ஏறிக் குடும்பத்தோடு போஸ் கொடுக்க வேண்டாம்.

இப்போது ராத்ஸ்சைல்ட் வீட்டை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் இருபது வருடம்தான். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் அப்புறம் வழிகாட்டியே வேண்டாம், தெருத்தெருவாக நீங்களே நடந்து, எது ரயில் கனவுக்கு முன், எது கனவின் உச்சியில் என்று சொல்லிவிடலாம். கூரை விளிம்புக்குக் கீழே வரிசையாகத் தாங்குகட்டைகளும் உயரமான ஒடுங்கிய சாளரங்களும் இருந்தால் இத்தாலியனேட் பாணி, கொஞ்சம் மூத்தது. கோபுரமும் சுற்றுத் தாழ்வாரமும் செதில் சில்லும் என்றால் குவீன் ஆன்.

மேற்கே நடக்கத் தெம்பிருந்தால் மாவட்ட நீதிமன்றம் வரை போங்கள். 1892, கட்டடக் கலைஞர் டபிள்யூ. ஏ. ரிச்சி, 124 அடி மணிக்கூட்டுக் கோபுரம். இந்த அளவு ஊருக்கு இவ்வளவு பெரிய நீதிமன்றம் எதற்கு என்று தோன்றும். வரப்போகிற நகரத்துக்காகக் கட்டினார்கள், நகரம் வரவில்லை.

மதியச் சாப்பாடு

சனிக்கிழமை என்றால் சந்தையிலேயே ஏதாவது சாப்பிட்டுவிடலாம். சைவக்காரர்களுக்கு ஊரில் பீட்சா, சாண்ட்விச், சூப் கிடைக்கும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். நான் சொல்வது: புளியோதரையும் தயிர் சாதமும் கட்டி எடுத்துக்கொண்டு செட்ஸமோகா பூங்காவுக்குப் போங்கள். ஸ்க்லாலம் தலைவர் செட்ஸமோகாவின் பெயரில் 1904ல் திறந்த, ஊரின் முதல் பூங்கா. கழிப்பறை இருக்கிறது, ஊஞ்சல் இருக்கிறது, கீழே கடற்கரைக்கு வழி இருக்கிறது, எதிரே அட்மிரால்டி நீரிணையில் சரக்குக் கப்பல் போய்க்கொண்டே இருக்கும். குடியேறிகளோடு சண்டை வேண்டாம் என்று தன் மக்களைத் தடுத்தவராகச் செட்ஸமோகாவை ஊரில் நினைவுகூர்கிறார்கள். ஸ்க்லாலம் மக்களின் கதையைச் சொல்லும் நடைபாதை ஒன்றும் அவர் பெயரில் 2019ல் திறந்திருக்கிறது, அதன் பலகைகள் ஊர் முழுக்க ஆங்காங்கே தென்படும். வெறும் விக்டோரியா வீட்டுக் கதையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், அவற்றையும் நின்று படியுங்கள்.

கீழே இறங்கி

டெய்லர் ஸ்ட்ரீட் முனையில் மேட்டிலிருந்து கடைத்தெருவுக்கு நீளமான படிக்கட்டு இறங்குகிறது. முட்டிவலிக்காரர்களையும் குழந்தை வண்டியையும் காரில் கீழே கொண்டுபோய் விட்டுவிடுங்கள், மற்றவர்கள் படியில் இறங்குங்கள். அடியில் ஹாலர் நீரூற்று, தண்ணீரிலிருந்து எழும் பெண் சிலை, 1906ல் தியோடர் ஹாலர் ஊருக்குக் கொடுத்தது.

அங்கிருந்து வாட்டர் ஸ்ட்ரீட் ஒரு தெரு தள்ளி. இங்கே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுக் கொடுங்கள்: கட்டடத்தின் உச்சியில் வருடம் எங்கெங்கே தெரிகிறதோ கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், உச்சியில் இல்லாவிட்டால் வாசலில் இருக்கும் விவரப் பலகையைப் பார்க்க வேண்டும். ஹேஸ்டிங்ஸ் கட்டடம் 1889. டிபல்ஸ் கட்டடம் 1889, பிறகு பேலஸ் ஹோட்டல் என்று பெயர் பெற்றது, ஒரு காலத்தில் அங்கே நடந்த தொழிலைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். மவுண்ட் பேக்கர் பிளாக் 1890. பழைய நகர்மன்றம் 1892. தேடத் தேட 1889, 1890, 1891, 1892 என்றுதான் வரும், அப்புறம் சட்டென்று நின்றுவிடும். அந்தக் கதையைப் புத்தகத்தில் படிப்பதைவிடக் கழுத்தை நிமிர்த்தி இப்படிப் படிப்பது மனதில் நிற்கும். பல கட்டடங்களின் மேல்மாடிகள் பல காலம் ஆளில்லாமலே கிடந்தன, கீழே கடை மட்டும் நடந்தது.

பழைய நகர்மன்றத்தில் இப்போது ஜெபர்சன் அருங்காட்சியகம் இருக்கிறது, அடித்தளத்தில் பழைய சிறை அறைகள். ஒரு மணி நேரம் கொடுக்கலாம். பழைய புத்தகக்கடை, பாசிமணிக் கடை எல்லாம் உங்கள் விருப்பம், எனக்கு அதில் பெரிய அபிப்பிராயம் இல்லை. எலிவேட்டட் ஐஸ்கிரீம் கடை மட்டும் தவறவிடக் கூடாது, 1977 முதல் இருக்கிறது, கோனை வாங்கிக்கொண்டு கடல் பக்கம் போய்விடுங்கள். தெருவின் கிழக்கு முனையில் பாயின்ட் ஹட்சன், மரப்படகுகளின் இடம். திருவிழா இல்லாத நாளிலும் யாராவது ஒரு படகைச் சுரண்டி வார்னிஷ் அடித்துக்கொண்டிருப்பார்கள், பேச்சுக் கொடுத்தால் நன்றாகப் பேசுவார்கள்.

கோட்டை

நேரம் மூன்று, மூன்றரை ஆகியிருக்கும். காரை எடுத்துக்கொண்டு ஃபோர்ட் வோர்டனுக்குப் போங்கள், ஐந்து நிமிடம்தான். மாநிலப் பூங்கா என்பதால் டிஸ்கவர் பாஸ் வேண்டும், ஒரு நாளுக்கு 10 டாலர், வருடப் பாஸ் வைத்திருந்தால் கண்ணாடியில் மாட்டுங்கள். எதிரிக் கப்பல் பியூஜெட் சவுண்டுக்குள் நுழையாமல் இருக்க 1890களின் கடைசியில் கட்டத் தொடங்கிய மூன்று பீரங்கிக் கோட்டைகளில் இது ஒன்று, மற்றவை ஃபிளாக்லர், கேசி. மூன்றும் சேர்ந்து நீரிணையை முக்கோணமாகக் குறிவைக்கும் ஏற்பாடு. எந்த எதிரியும் வரவே இல்லை.

குன்றின்மேல் இருக்கும் கான்கிரீட் பீரங்கி மேடைகளுக்கு அடியில் இருட்டு அறைகளும் நடைவழிகளும் உண்டு. பட்டப்பகலிலும் கண் தெரியாது, டார்ச் கட்டாயம், போன் வெளிச்சம் போதாது. காலை முழுக்க வீடு வீடாகப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்திருந்த பிள்ளைகள் இங்கே வந்ததும் கத்திக்கொண்டு ஓடுவார்கள். மேடைகளின் விளிம்பில் எல்லா இடத்திலும் கம்பி கிடையாது, சின்னக் குழந்தை என்றால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே கடற்கரையோரமாகப் பாயின்ட் வில்சன் கலங்கரை விளக்கம் வரை நடக்கலாம். தண்ணீரில் கால் வைத்தவுடன் எடுத்துவிடுவீர்கள், அவ்வளவு குளிர்.

திரும்புவது

கிளம்பும் வழியில் மேட்டில் மன்ரீசா கோட்டை வீடு தெரியும். பிரஷ்யாவிலிருந்து வந்து பேக்கரி நடத்திச் சம்பாதித்து ஊரின் முதல் மேயரான சார்லஸ் ஐசன்பைஸ் 1892ல் கட்டியது, முப்பது அறைகள். 1920களின் கடைசியில் இயேசு சபைப் பாதிரிகள் வாங்கினார்கள், இந்தப் பெயர் அவர்கள் வைத்தது, பிறகு ஹோட்டலானது. ஊரே திவாலாகிக்கொண்டிருந்தபோது ரொட்டிக்காரர் அரண்மனையைக் கட்டி முடித்திருக்கிறார், அதற்காகவே ஐந்து நிமிடம் நிறுத்தலாம்.

சிமாகம் நாற்சந்தியில் பண்ணைப் பொருட்கள் விற்கும் கடை இருக்கிறது, வீட்டுக்குக் காய்கறி, முட்டை வாங்குவதென்றால் அங்கே. கிளம்புவதற்கு முன்பே பாலத்தின் நிலையையும் படகு வரிசையையும் செயலியில் பார்த்துவிடுங்கள். கூட்டமான நேரங்களில் கிங்ஸ்டனுக்குள் நுழையும்போதே லிண்ட்வாக் சாலைச் சந்திப்பில் போர்டிங் பாஸ் எடுக்கச் சொல்வார்கள், அதை எடுக்காமல் கட்டணச் சாவடிக்கு நேராகப் போனால் திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மேல் நெரிசல் குறையும். ஞாயிற்றுக்கிழமை மாலை அப்படியில்லை, தீபகற்பத்தில் வார இறுதியைக் கழித்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். அன்றைக்கு மாட்டிக்கொண்டால் இரவுச் சாப்பாட்டைக் கிங்ஸ்டனிலேயே முடித்துவிடுங்கள், வரிசையில் காரை விட்டுவிட்டு ஒருவர் இறங்கிப்போய் வாங்கி வரும் தூரத்தில்தான் கடைகள் இருக்கின்றன, ஆனால் ஓட்டுபவர் மட்டும் காரிலேயே இருக்கட்டும், வரிசை திடீரென்று நகரும்.